நிலவறையில் ஒரு பித்தளைக் கால்

திங்கட்கிழமைகளில் நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மடக்கு மேசை போட்டு மனு எழுதுகிறேன். பட்டா, முதியோர் பென்ஷன், வாய்க்கால் தகராறு, மாற்றுத்திறனாளி அட்டை, எதுவானாலும் 'கனிவான பார்வைக்கு' என்று தொடங்கிவிடுவேன். படிப்பு பத்தாவது வரைதான். கையெழுத்து மட்டும் அழகாக வரும். அது அண்ணாமலையார் போட்ட பிச்சை. பள்ளிக்கூடத்துக்குச் சாய்தளம் வேண்டும், ரேஷன் கடைக்குக் கைப்பிடி வேண்டும் என்று எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் மனைவிக்காக ஒரு வரி எழுதியதில்லை. ஏன் எழுதவில்லை என்று இந்த வருஷம்தான் யோசித்தேன். யோசிக்க ஆரம்பித்ததிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது.

என் மனைவிக்கு வலது காலில் போலியோ. பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம். இரண்டு வயதில் வந்த காய்ச்சல் காலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. தொடையிலிருந்து பாதம் வரைக்கும் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, நடுநடுவே தோல் பட்டை, அடியில் ஒரு பூட்ஸ். அந்தக் கம்பி பூட்ஸிலேயே ஆணி அடித்துப் பொருத்தியிருக்கும். காலிப்பர் என்று சொல்வார்கள். அதை மாட்டி, ஒரு கைத்தடியும் இருந்தால் அவள் நன்றாகவே நடப்பாள். பூட்ஸைக் கழற்று என்றால் காலிப்பரையே கழற்ற வேண்டும். கழற்றினால் நிற்க முடியாது. தரையில் உட்கார்ந்து கையை ஊன்றி நகர வேண்டியதுதான்.

நம் ஊரில் கோயில் இல்லாத தெரு ஏது. எல்லா வாசலிலும் செருப்பைக் கழற்று என்றுதான் எழுதியிருக்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் எந்தக் கோயிலுக்குப் போனாலும் அவள் வாசலோடு நின்றுவிடுவாள். முன்பெல்லாம் ஒரு கல்லைப் பார்த்து உட்காருவாள். மூன்று சக்கர ஸ்கூட்டர் கிடைத்த பிறகு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பாள். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, எங்கள் எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொள்வாள்.

"எங்க தெருவுல யாரு கோயிலுக்குப் போனாலும் என்னைக் கூட்டினு போவாங்க. இது வரைக்கும் ஒரு செருப்பு காணாம போனதில்ல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சிரித்திருக்கிறேன். சாமி இருக்கிற இடத்துக்குப் பூட்ஸோடு போகக்கூடாது, அவ்வளவுதானே, இதில் என்ன இருக்கிறது என்று இருந்தேன்.

அவள் வீட்டில் ரவிக்கை தைக்கிறாள். காலால் மிதிக்க முடியாது என்பதால் மோட்டார் வைத்த மிஷின். ஒரு நாள் அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா கிரிவலப் பாதையிலுள்ள ஒரு மடத்தைப் பற்றிச் சொன்னார். அந்த மடத்துக்கு அடியில் பழைய நிலவறை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் நெல் கொட்டி வைத்தது. இப்போது அதைச் சுத்தம் செய்து, விளக்குப் போட்டு, மடத்தில் கிடந்த பழைய சாமான்களையெல்லாம் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள்.

"வெளக்கு, மணி, பல்லக்குக் கொம்பு எல்லாம் வச்சிருக்காங்க. ஒரு பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கையும் காலும். பித்தளையில. நேர்ந்துக்கினவங்க குடுத்தது" என்றார் அந்த அம்மா.

என் மனைவி மிஷினை நிறுத்திவிட்டாள். "எந்த மடம்னு சொன்னீங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் எனக்குச் சொன்னாள். அந்த மடத்துக்குள் ஒரு சாமியாருடைய சமாதி இருக்கிறது. கை கால் நோவு என்றால் அங்கே நேர்ந்துகொள்வார்கள். இவளுக்குக் கால் போனபோது இவள் அம்மா அங்கே வந்து, பிள்ளை எழுந்து நடந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டு, பித்தளையில் ஒரு கால் செய்து போட்டிருக்கிறார். நூலால் இவள் காலை அளந்து, அதே நீளத்தில். ஆசாரியிடம் கொலுசும் போட்டே செய்யச் சொன்னாராம். அப்போது இவள் போட்டிருந்த வெள்ளிக் கொலுசில் ஒரு மணி விழுந்துபோயிருந்தது. அந்த இடத்தில் மணி இல்லாமலே செய்யவேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார்.

"ஆசாரி கேட்டாராம், ஏம்மா, சாமிக்குக் குடுக்கறதுல போயி குறை வெப்பாங்களான்னு. எங்கம்மா சொல்லிச்சாம், இத்தனை கால் வருது, எது எம்பொண்ணு காலுன்னு சாமிக்குத் தெரிய வேணாமான்னு" என்றாள்.

மாமியார் போய்ச் சில வருஷம் ஆகிறது. சாகும் வரைக்கும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று இவள் சொல்கிறாள். நான் அன்றைக்குத்தான் கேட்கிறேன்.

"நான் அதைப் பாக்கணுங்க" என்றாள்.

"நிலவறைன்னா படி இருக்குமே."

"எங்காலு எனக்கு முன்னாடியே எறங்கிப் போயிடுச்சு. நான் எறங்க மாட்டனா?"

நான் மோரை ஊற்றிக்கொண்டேன். எனக்கு உள்ளுக்குள் பயம். படி ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், அங்கே போய் இவள் சாமியைக் கோபித்துக்கொண்டு ஏதாவது சொல்லிவிடுவாளோ என்பது. வேண்டினது நடக்கவில்லை, காணிக்கை மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் கணக்கை யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

அவளுக்குச் சொல்லாமல் மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். வாசலில் டோக்கன் கொடுக்கும் பெண் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டாள். செருப்பை அந்தப் பக்கம் விடச் சொன்னாள். கீழே ஒரு சின்ன லிங்கமும் அதன் முன்னால் அணையாமல் எரியும் விளக்கும் இருப்பதால் முழு இடமும் கோயில் மாதிரிதானாம். இருபத்திரண்டு படி. எண்ணிக்கொண்டே இறங்கினேன். வழுவழுவென்று தேய்ந்த கருங்கல். இடது பக்கம் மட்டும் கைப்பிடி, வலது பக்கம் வெறும் சுவர். கீழே குளிர்ச்சியாக, எண்ணெய் வாசனையோடு இருந்தது. கால்களை என் மார்பு உயரத்தில் கண்ணாடி போட்ட ஒரு பலகைத் தட்டில் வரிசையாக வைத்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு இருக்கும். கும்பிட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன்.

மேலே மேனேஜர் அறையில் விசாரித்தேன். "நடக்க முடியாதவங்களுக்கு டிவி வச்சிருக்கோங்க. கீழ இருக்கிறது எல்லாம் அதுல வரும். பழைய கட்டடம், இடிச்சு லிஃப்ட் வெக்க முடியாது" என்றார். நல்ல மாதிரிதான் பேசினார். டிவியையும் போட்டுக் காட்டினார். வீணை இசையோடு விளக்கு வந்தது, மணி வந்தது. கால்கள் மூன்று எண்ணுவதற்குள் போய்விட்டன.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் எழுந்துகூட நிற்கவில்லை, ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள்.

"மணி இல்லாத கொலுசு இருந்துச்சா?"

கொலுசு என்று ஒன்று இருந்ததே எனக்குத் தோன்றவில்லை. சாமி என்றால் கண்ணை மூடிக் கும்பிட்டே பழகிவிட்டது.

"இருபத்தி ரெண்டு படியை எண்ணினீங்க. அதை எண்ணலியா?" என்றாள். அதற்கு மேல் இரண்டு நாள் அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. எனக்கு மேசையில் உட்காரவும் முடியவில்லை. ஒருவருக்கு எழுத வேண்டிய சர்வே நம்பரை இன்னொருவர் மனுவில் எழுதி, தாளைக் கிழித்துப் போட்டேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு வழி தோன்றியது. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. புதுத் துணி வாங்கி, மஞ்சளில் நனைத்துக் காயவைத்து, அதைப் பூட்ஸின் மேல் சுற்றிக் கட்டிவிட்டால் தீட்டு இல்லை. கலசத்துக்கு நூல் சுற்றுகிற மாதிரி. சாமிக்கும் மரியாதை, அவளுக்கும் கால். நான்கு முழம் வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலையில் அவளை உட்காரவைத்து நானே கட்டினேன். குதிகாலிலிருந்து கணுக்கால் வரைக்கும் மூன்று சுற்று, மேலே ஒரு முடிச்சு.

"கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடற மாதிரி இருக்குது" என்றாள் அவள், காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. ஆனாலும் சந்தோஷம்தான். பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். வண்டியை அவள்தான் ஓட்டினாள். நான் எப்போதும் போலப் பின்னால்.

டோக்கன் கொடுக்கும் பெண் மஞ்சள் துணியைப் பார்த்து யோசித்தாள். "மேனேஜர் சார் வெளிய போயிருக்காரு. துணி சுத்தியிருக்கீங்க, பரவால்ல. பாத்துப் போங்க அக்கா" என்றாள். நான் அண்ணாமலையாருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

இடது கையால் கைப்பிடியைப் பிடித்து, வலது கையில் தடியை ஊன்றி அவள் இறங்கினாள். நான் ஒரு படி முன்னால், அவளைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினேன். முதல் படி. இரண்டாவது படி. மூன்றாவதில் பூட்ஸை வைத்தாள். தேய்ந்த கருங்கல்லில் புதுத் துணி நிற்குமா. சர்ரென்று வழுக்கியது. தடி கையை விட்டுத் தாவிக் கடைசிப் படி வரைக்கும் தட்டிக்கொண்டே போயிற்று. அவள் கைப்பிடியை விடவில்லை. அதனால் பிழைத்தோம். என் மேல் சாய்ந்து, படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ரப்பர் அடி போட்ட பூட்ஸ். மழையில்கூட அது வழுக்கியதில்லை. நான் சுற்றிய துணிதான் அவளைத் தள்ளிவிட்டது.

"போயிடலாமா?" என்று கேட்டேன்.

அவள் மூச்சு வாங்கினாள். பிறகு புடவையை முட்டிக்கு மேலே ஒதுக்கி, காலிப்பரின் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "இந்தாங்க. இதை மேல கொண்டு போய் உங்க செருப்பு பக்கத்துல வைங்க. இன்னிக்கு அது காவல் இருக்கட்டும்" என்றாள்.

உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினாள். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி, அடுத்த படியில் இறக்கி. பட்டுப்புடவை கல்லில் உரசும் சத்தம் கேட்டது. தூக்கிக்கொள்கிறேன் என்று ஒரு தடவை சொன்னேன். என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம் எங்களுக்குப் பின்னால் நின்றுவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

கீழே வந்ததும் விளக்கைப் பார்த்துக் கும்பிட்டாள். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு சாமிக்கு அத்தனை பக்கத்தில் அவள் போனது அதுதான் முதல் தடவை. பிறகு கையால் நகர்ந்து, கால்கள் இருந்த பக்கம் போனாள்.

அங்கே போய் அண்ணாந்து பார்த்தாள்.

தட்டு என் மார்பு உயரம் என்று சொன்னேன் அல்லவா. தரையில் உட்கார்ந்திருக்கிற அவளுக்கு அந்தத் தட்டின் அடிப்பலகைதான் தெரிந்தது. பலகையில் அடித்த இரண்டு ஆணி தெரிந்தது. அவள் கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். கொஞ்சம் தள்ளிப்போய்ப் பார்த்தாள். கண்ணாடியில் மேலே எரியும் பல்புதான் பளபளத்தது.

"நான் பாத்து சொல்லட்டா?" என்றேன்.

"நீங்க பாத்துட்டுதான வந்தீங்க அன்னிக்கு" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. சுவரில் சாய்ந்துகொண்டு, அந்தப் பலகையையே பார்த்தபடி இருந்தாள். பிறகு, "சரி, வாங்க, போலாம். கோபுரத்தைப் பாத்துக் கும்பிடற மாதிரி பலகையைப் பாத்து கும்பிட்டுட்டேன்" என்றாள்.

நான் மேலே ஓடினேன். படி ஏறினது எனக்கு நினைவில்லை. மேலே என் செருப்புக்குப் பக்கத்தில் அந்தக் காலிப்பர் சாய்ந்து கிடந்தது. மஞ்சள் துணியைப் பிய்த்து எறிந்தேன். முடிச்சு அவிழாமல் பல்லால் கடித்தேன். தோளில் இருந்த துண்டால் பூட்ஸின் அடியைத் துடைத்தேன். காலிப்பரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

"ஐயா, அது செருப்பு. செருப்போட போகக்கூடாது" என்று அந்தப் பெண் எழுந்து வந்தாள்.

"செருப்பு இல்லம்மா. கால்" என்றேன். மனு எழுதுகிறவனுக்கு அவ்வளவுதான் வந்தது.

ருத்திராட்சம் போட்ட நெஞ்சில் பூட்ஸ் இருந்தது. பௌர்ணமிதோறும் செருப்பில்லாமல் மலையைச் சுற்றுகிறவன் நான். விளக்கைத் தாண்டும்போது கண்ணை மூடவில்லை. அப்பனே, பாத்துக்கோ, நான் மறைக்கல என்று சொல்லிக்கொண்டே போனேன். தப்பா சரியா என்று அப்போதும் தெரியவில்லை. இப்போதும் சில ராத்திரி தூக்கத்தில் புரண்டு படுக்கிறேன்.

அவள் முன்னால் உட்கார்ந்து மாட்டிவிட்டேன். அத்தனை வருஷத்தில் நான் அவளுக்குக் காலிப்பர் மாட்டியதில்லை. அவளே காலையில் எழுந்து மாட்டிக்கொள்வாள், நான் பூஜையில் இருப்பேன். எந்தப் பட்டை எந்தத் துளையில் என்று எனக்குத் தெரியவில்லை. "அது இல்ல, மூணாவது ஓட்டை. முட்டிக்கிட்ட இருக்கிற பூட்டைப் போடுங்க மொதல்ல" என்று அவள் சொல்லச் சொல்லப் போட்டேன். கடைசிப் படியில் கிடந்த தடியை எடுத்துக் கொடுத்தேன். என் தோளைப் பிடித்து எழுந்து நின்றாள்.

ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஏழாவதோ எட்டாவதோ, அங்கே நின்றாள். என் உள்ளங்கை நீளம்தான் இருக்கும் அந்தப் பாதம். கறுத்துப்போன பித்தளை. கீழே சீட்டில் 'குழந்தையின் கால். கொடுத்தவர் தெரியவில்லை' என்று அச்சடித்திருந்தது. கணுக்காலில் கொலுசு. கடுகு கடுகாக மணி. ஒரு இடத்தில் மட்டும் மணி இல்லாமல் மொழுக்கென்று இருந்தது.

நான் அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். அழுவாள், சாமியைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் விரலை வைத்து, அந்த மொழுக்கான இடத்தைத் தடவினாள்.

"ரெண்டு வயசுல இவ்ளோதான் இருந்திருக்குது" என்றாள். "நல்லா குண்டா செஞ்சிருக்கான். எங்கம்மா சொல்லித்தான் செஞ்சிருப்பான். எங்காலு அப்பவே சூம்பிப்போச்சே."

ஏறும்போது கைப்பிடி அவளுக்கு வலது பக்கம் வந்தது. இடது பக்கம் என் தோள். மேலே மேனேஜர் வந்து நின்றிருந்தார். "சாமி இருக்கிற இடம். நீங்களே இப்படிப் பண்ணலாமா? விபூதி வேற பூசியிருக்கீங்க" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். என் மனைவி மூச்சு வாங்கியபடி, "டிவியில வீணை நல்லாருக்குது சார்" என்றாள். அந்தப் பெண் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமையே மேசையில் தாளை எடுத்து வைத்தேன். இந்த முறை கலெக்டருக்கு இல்லை, மடத்துக்கு. மனுதாரர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதும்போது எழுத்து கோணிப் போனது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன்.

"'இரக்கம் கூர்ந்து'ன்றது எதுக்கு? அடிச்சிடுங்க" என்றாள். அடித்தேன். வலது பக்கம் ஒரு கைப்பிடி. படி விளிம்பில் சொரசொரப்பான பட்டை. கீழே ஒரு நாற்காலி. காலிப்பர் பூட்ஸைச் செருப்பு என்று எண்ணாமல் உள்ளே விட வேண்டும். எல்லாம் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"அந்தக் காலை உன்கிட்டயே குடுக்கச் சொல்லிக் கேக்கட்டுமா? அடையாளம்தான் இருக்குதே" என்றேன்.

கத்தரிக்கோலை வைத்துவிட்டு யோசித்தாள். "வேணாம். எங்கம்மா சாமிக்குக் குடுத்தது. அங்கயே இருக்கட்டும். கீழ்த் தட்டுல வெக்கச் சொல்லுங்க. உக்காந்து வர்றவங்களுக்கும் தெரியணும்."

மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன். மேனேஜர் வாங்கிப் படித்து மடித்து வைத்தார். அதற்குப் பிறகு எனக்கு நிலை கொள்ளவில்லை. தினமும் ஏதாவது சாக்குச் சொல்லி அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். பௌர்ணமி அன்று நடுவழியில் வரிசையை விட்டு மடத்துக்குள் திரும்பினேன். டோக்கன் கொடுக்கும் பெண் என்னைப் பார்த்ததும், "எறக்கி வச்சிட்டாங்க ஐயா, போய்ப் பாருங்க" என்றாள்.

கைப்பிடி வரவில்லை. பட்டையும் இல்லை. ஆனால் கை, கால் அத்தனையும் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு இறங்கியிருந்தன. மண்டியிட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது. நெற்றியைத் தரையில் வைத்துக் கும்பிட்டேன். மீதி கிரிவலத்தை எப்படி முடித்தேன் என்று தெரியாது, நேராக வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

அவள் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எந்தப் பக்கம் திருப்பி வச்சிருக்காங்க? மணி இல்லாத எடம் முன்னாடி தெரியுதா, சுவரைப் பாத்து இருக்குதா?"

நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"மறுபடியும் கண்ணை மூடிக் கும்பிட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றாள். மோட்டாரை நிறுத்தினாள். தடியை எடுத்துக்கொண்டு எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்தாள்.

"ஏறுங்க பின்னாடி. நானே பாத்துக்கறேன்."